எந்தக் கால்?

குதிரை நொண்டுகிறதா என்று தெரிந்துகொள்ள அதன் காலைப் பார்க்கக் கூடாது, தலையைப் பார்க்க வேண்டும். முதல் தடவை கேட்பவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள். ஆனால் நான்கு கால்களும் மாறி மாறிப் போகிற வேகத்தில், எந்தக் கால் சற்றே தயங்குகிறது என்று நம் கண்ணால் பிடிக்க முடியாது. தலை ஒன்றுதான் இருக்கிறது. அது எப்போது மேலே போகிறது, எப்போது கீழே வருகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

முன்னங்காலில் வலி உள்ள குதிரை, அந்தக் கால் தரையில் ஊன்றும் நேரத்தில் தலையையும் கழுத்தையும் மேலே தூக்கிக்கொள்ளும். நல்ல கால் ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தலையும் கழுத்தும் சேர்ந்து ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். அத்தனை எடையையும் மேலே தூக்கும்போது உடலின் பாரம் கொஞ்சம் பின்னால் நகர்கிறது, வலிக்கிற காலுக்கு அந்தக் கணம் மட்டும் சுமை குறைகிறது. தனக்கு வலிக்கிறது என்று நமக்குச் சொல்வதற்காகக் குதிரை இதைச் செய்யவில்லை. சிங்கமும் ஓநாயும் துரத்தி வேட்டையாடிய இனம் அது. வலியைக் காட்டிக்கொண்ட குதிரை கூட்டத்தில் முதலில் பலியாகியிருக்கும். அதனால் மறைக்க முடிந்த வரை மறைக்கும், மறைக்க முடியாத மிச்சம்தான் அந்தத் தலையசைவு.

பின்னங்கால் என்றால் இடுப்பைப் பார்க்க வேண்டும். குதிரை நம்மை விட்டு விலகிப் போகும்போது பின்னால் நின்று பார்த்தால், வலிக்கிற பக்கத்து இடுப்பெலும்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ட்ராட் எனப்படும் சிற்றோட்டத்தில் குதிரை குறுக்கும் மறுக்குமாக இரண்டிரண்டு கால்களை ஊன்றும்: இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து, பிறகு மற்ற இரண்டும் சேர்ந்து. இடது பின்னங்காலில் வலி இருந்தால், அது ஊன்றும் நேரத்தில் குதிரை பாரத்தை முன்னால் தள்ளத் தலையைத் தாழ்த்தும். அப்போது தரையில் இருப்பது வலது முன்னங்கால். தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர், வலது நல்ல கால், இடது முன்னங்காலில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுவார். கோளாறு அதே பக்கத்தில்தான், ஆனால் பின்னால். இப்படி ஏமாந்து, நோயில்லாத முன்னங்காலுக்கு வாரக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக் கட்டுப்போடுவது குதிரை வளர்க்கும் ஊர்கள் எல்லாவற்றிலும் நடப்பதுதான்.

ட்ராட் ஏன் வேண்டும்? நடக்கும்போது எப்போதும் இரண்டு மூன்று கால்கள் தரையில் இருக்கும். பாரம் நன்றாகப் பகிர்ந்துபோகும், லேசான வலி வெளியே தெரியாது. நாலுகால் பாய்ச்சலிலோ இடமும் வலமும் இயல்பாகவே வேறுவேறு வேலை செய்கின்றன, ஒப்பிட வழியில்லை. ட்ராட்டில்தான் இடது பாதி ஓட்டமும் வலது பாதி ஓட்டமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைய வேண்டும். அமையவில்லை என்றால் ஏதோ இருக்கிறது.

மும்பையின் கல்யாணக் குதிரைகளை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கல்யாண சீசனில் மாலை நேரத்து பராத் ஊர்வலங்கள் எல்லோருக்கும் பழக்கம். முன்னால் பேண்டு வாத்தியம், நடுவில் ஆட்டம், பின்னால் சரிகைத் துணி போர்த்திய வெள்ளைக் குதிரை மேல் மாப்பிள்ளை, அவர் மடியில் பல சமயம் ஒரு குழந்தை. ஊர்வலம் பத்தடி நகரும், பத்து நிமிடம் நிற்கும். லேசாக நொண்டும் குதிரையை யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்க இதைவிட நல்ல வேகம் கிடையாது. கான்கிரீட் சாலையில் அது மணிக்கணக்காக நிற்கிறது. நிற்கும்போதே 500 கிலோவில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது, காலுக்கு 150 கிலோ. மேலே ஏறுகிறவரின் எடை தனி.

நின்றுகொண்டிருக்கும் குதிரையிடமும் கவனிக்க ஒன்று உண்டு. பின்னங்கால் ஒன்றை மடக்கி, குளம்பின் நுனி மட்டும் தரையில் படும்படி ஓய்வாக வைத்திருந்தால் பயப்பட வேண்டாம், குதிரை அப்படித்தான் இளைப்பாறும். முன்னங்கால் ஒன்றை முன்னே நீட்டி நீட்டி வைக்கிறது என்றால் அது ஓய்வல்ல. வண்டிக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். ‘காலைத் தாங்குது’ என்று நம்மூர் ஜட்காக்காரர் சொன்னது இதைத்தான்.

இனி லேசான நொண்டல் என்பதற்கு வருவோம். உலகெங்கும் குதிரை மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க அளவுகோல் ஒன்று 0 முதல் 5 வரை போகிறது. 5 என்றால் கால் ஊன்றவே முடியாத நிலை. 4 நடையிலேயே பளிச்சென்று தெரியும். 3 ட்ராட்டில் எப்போதும் தெரியும். 2 நேர்கோட்டில் தெரிவது கடினம், ஆனால் வட்டமாக ஓட்டினாலோ கடினத் தரையில் ஓட்டினாலோ ஒவ்வொரு தடவையும் தெரியும். 1 என்பது எந்தச் சூழலிலும் தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும். 1, 2 ஆகிய இந்த இரண்டு படிகளைத்தான் நாம் ‘லேசாக இருக்கு, ரெண்டு நாளில் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுகிறோம்.

டாக்டர்களுக்கே கடினமான படிகளும் இவைதான். மிசௌரி பல்கலைக்கழகத்தின் கெவின் கீகன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவம் வாய்ந்த மருத்துவர்கள் ஒரே குதிரையைத் தனித்தனியாகப் பார்த்து, இந்தக் கால் நொண்டுகிறதா இல்லையா என்று மட்டும் சொன்னார்கள். நொண்டலின் சராசரி 1.5க்கு மேல் இருந்தபோது 93 சதவீதம் ஒத்துப்போனார்கள். 1.5 அல்லது அதற்குக் கீழே இருந்தபோது ஒற்றுமை 62 சதவீதம்தான். இரண்டே விடைகள் உள்ள கேள்வி அது. காசைச் சுண்டிப் போட்டாலே 50 சதவீதம் ஒத்துப்போகும்.

இதைப் படித்துவிட்டு டாக்டர்கள் மேல் நம்பிக்கை இழப்பது தவறு. குறை மனிதக் கண்ணில் இருக்கிறது. ட்ராட்டில் குதிரை ஒரு நொடிக்குள் இரண்டு மூன்று முறை கால்மாற்றி ஊன்றிவிடும். இரண்டு பக்க அசைவுக்கும் இடையே 25 சதவீத வேறுபாடு வரும் வரை மனிதக் கண் அதை நம்பகமாகப் பிரித்தறிவதில்லை என்று பிரிட்டனில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. இதற்காகவே உணர்கருவிகள் வந்துவிட்டன: உச்சந்தலையில் ஒன்று, இடுப்பின் மேல் ஒன்று, வலது முன்னங்காலில் ஒன்று. தலையின் ஏற்ற இறக்கத்தில் 6 மில்லிமீட்டர், இடுப்பில் 3 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தாலே அவை குறித்துவிடும். ஆனால் கருவிக்குத் தெரிவது சமமின்மை மட்டும். அதற்குக் காரணம் வலியா, பிறவி அமைப்பா என்று அது சொல்லாது.

குதிரையின் காலைப் புரிந்துகொள்ள நம் கையை மேசைமேல் வைத்துப் பார்க்கலாம். மற்ற விரல்களை மடக்கி நடுவிரல் நுனியை மட்டும் ஊன்றி, மணிக்கட்டை உயர்த்துங்கள். அந்த நடுவிரல்தான் குதிரையின் முன்னங்கால். அதன் நகம் தடித்துச் சுற்றி வளர்ந்ததே குளம்பு. நாம் குதிரையின் முழங்கால் என்று சொல்லும் இடம் உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே சதை கிடையாது: எலும்பு, தசைநாண், இணைப்பிழை, தோல், அவ்வளவே. நாலுகால் பாய்ச்சலில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு விசை ஒரே முன்னங்காலில் இறங்கும்போது அதைத் தாங்குவது இந்த ஒற்றை விரல்தான். முன்னங்கால் நொண்டல்களில் பெரும்பாலானவை குளம்புக்குள்ளோ அதன் அருகிலோ இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குளம்புக்குள் என்னென்ன கெடலாம்? லாட ஆணி சற்று உள்ளே போய் உயிருள்ள பகுதியை நெருக்கலாம். கல் குத்தி அடிக்குளம்பு கன்றலாம். மழைக்காலத்தில் ஈரத்தில் ஊறி மிருதுவான குளம்பில் கீறல் வழியே அழுக்கு புகுந்து சீழ் கட்டலாம். சீழ் கட்டினால் லேசாக நொண்டாது, ஒரே இரவில் காலை ஊன்றவே மறுக்கும். படகு வடிவில் உள்ளே கிடக்கும் சிறு எலும்பும் அதன் மேல் வழுக்கிப் போகும் தசைநாணும் தேயலாம். தீனி மிஞ்சியோ, ஒரு கால் கெட்டு மற்றக் கால் எல்லாச் சுமையையும் தாங்கியோ, குளம்போட்டையும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் வீங்கலாம். அது குதிரையின் உயிருக்கே ஆபத்தான நோய், தொடக்கத்தில் அதுவும் லேசான நொண்டலாகவே வரும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளர்கிறது. மேல்விளிம்பில் இன்று ஏற்படும் காயம் கீழே நுனி வரை வளர்ந்து வெளியேற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். லாடம் கட்டுபவர் மோசமாகச் செதுக்கிய குளம்புக்கும் அதே கணக்குதான்.

ஆகவே டாக்டரைக் கூப்பிடுங்கள். கூப்பிடும் முன் வலி மருந்து கொடுக்காதீர்கள். இதை மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஃபீனைல்பியூட்டசோன் போன்ற மருந்து உள்ளே இருந்தால், லேசான நொண்டல் டாக்டர் வரும் நேரத்தில் காணாமல் போயிருக்கும். அவர் தேடி வந்த தடயத்தை நாமே அழித்துவிட்டோம். கைபேசியில் ஒரு வீடியோ எடுத்து வைப்பது இதைவிட நூறு மடங்கு உபயோகம்: முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கத்திலிருந்து, கடிவாளக் கயிற்றைத் தளர விட்டு ஓட்டியபடி. கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலை ஆட முடியாது, ஆடாத தலையில் எதையும் படிக்க முடியாது. கடைசியாக லாடம் கட்டிய நாள், நொண்டல் ஓட ஓடக் குறைகிறதா கூடுகிறதா, கல் தரையில் அதிகமா மணலில் அதிகமா, தீனி ஏதும் மாறியதா ஆகிய விவரங்களையும் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். பொதுவாகக் குளம்பு வலி கடினத் தரையில் கூடும். தசைநாண், இணைப்பிழைக் கோளாறுகள் பலவும் மணலில் கூடும். விதி என்று சொல்ல முடியாது, நல்ல குறிப்பு.

டாக்டர் வந்ததும் குதிரையை ஓட்டச் சொல்ல மாட்டார். முதலில் நிற்கவைத்துச் சுற்றி வருவார். இரண்டு குளம்புகளும் ஒரே அளவா? ஒரு குளம்பு ஒடுங்கிச் செங்குத்தாக இருந்தால் அந்தக் காலில் நெடுநாளாகப் பாரம் குறைவாக விழுகிறது என்று பொருள் இருக்கலாம். பிறகு கையால் தடவுவார். கணுமூட்டின் பின்பக்கம் இரண்டு ஓரங்களிலும் குளம்புக்குப் போகும் நாடி ஓடுகிறது. நலமாக உள்ள குதிரையில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குளம்புக்குள் அழற்சி இருந்தால் அது விரலை முட்டித் துடிக்கும். கருவி எதுவும் தேவைப்படாத சோதனை இது, குதிரை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நல்ல நாளிலேயே கற்றுக்கொண்டு, தன் குதிரையின் இயல்பான துடிப்பை விரலுக்குப் பழக்கிவைத்துக்கொள்ளலாம். அடுத்து நீண்ட கைப்பிடியுள்ள கிடுக்கியால் அடிக்குளம்பை அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்ப்பார். வலிக்கும் இடம் வந்ததும் குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும். அதே இடத்தை மறுபடியும் அழுத்துவார், மறுபடியும் இழுத்தால்தான் கணக்கு.

பிறகு ஓட்டம். மும்பையில் இதற்கே இடம் கிடைப்பதில்லை. குறைந்தது 25, 30 மீட்டர் சமமான கெட்டித் தரை வேண்டும், ஆட்டோவும் பைக்கும் குறுக்கே வராமல். நேராக ஓட்டி, வட்டத்தில் இடமும் வலமும் ஓட்டி, ஒரு மூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓட்டிப் பார்ப்பார். இந்த மடக்கும் சோதனையை நான் பெரிதாக நம்புவதில்லை. அழுத்திப் பிடிப்பவரின் கைபலத்தைப் பொறுத்து விடை மாறும், நலமான குதிரையும் சில அடிகள் தாங்கி நடக்கும். மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்க ஒரு துண்டுச் சான்று, அவ்வளவுதான்.

இதற்குப் பின் வருவதுதான் இந்தத் துறையின் மிக அழகான யோசனை. வலி எங்கே என்று குதிரையால் சொல்ல முடியாது. எனவே ஒவ்வோர் இடமாக மரக்கவைத்து, எந்த இடம் மரத்தபோது நொண்டல் நின்றது என்று பார்க்கிறார்கள். எப்போதும் கீழிருந்து மேலே போவார்கள். மேலே போட்டால் கீழே எல்லாம் சேர்ந்து மரத்துப்போகும், பிறகு பிரித்தறிய முடியாது.

முதல் ஊசி குதிகாலுக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும். உதவியாளர் காலைத் தூக்கி மடக்கிப் பிடித்திருப்பார். டாக்டர் அந்தக் குழிவைச் சுத்தமாகத் துடைத்து, விரல் நுனியால் தோலுக்கடியில் ஒரு மெல்லிய நூல் போல உருளும் நரம்பைத் தேடுவார். அதன் மேலே நுண்ணிய ஊசியைச் செலுத்தி ஒன்றரை, இரண்டு மில்லிலிட்டர் மெபிவகெயின் விடுவார். அடுத்த பக்கமும் அப்படியே. ஐந்து, பத்து நிமிடம் காத்திருப்பு. பிறகு குதிகால் தோலைப் பேனா முனையால் குத்திப் பார்ப்பார். கால் அசையாமல் இருந்தால் மரத்துவிட்டது. அதே தரையில், அதே ஆள் கயிற்றைப் பிடித்து, அதே வேகத்தில் மறுபடி ஓட்ட வேண்டும்.

தலையசைவு நின்றுவிட்டால் வலி குளம்பில்தான். நிற்காவிட்டால் குளம்பின் பெரும்பகுதி பட்டியலிலிருந்து நீங்குகிறது, அடுத்த ஊசி கணுமூட்டின் மட்டத்தில். மூன்றாவதாக ஒன்று நடப்பது உண்டு: இடது காலை மரக்கவைத்ததும் குதிரை வலது காலில் நொண்டத் தொடங்கும். ஊசி கெடுத்துவிட்டதென்று குதிரைக்காரர் பதறுவார். நடந்தது வேறு. இரண்டு கால்களிலும் வலி இருந்திருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய சமமாக வலித்ததால் தலை ஆட இடமில்லாமல், குதிரை அடியைக் குறுக்கிக் குறுக்கி நடந்து சமாளித்திருக்கிறது. ‘சோம்பேறிக் குதிரை, வேகமே எடுக்காது’ என்று அடி வாங்கும் குதிரைகளில் இப்படிப்பட்டவை உண்டு என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. குதிகால் ஊசி நன்றாக வேலை செய்தால் படகெலும்பு நோய் என்று முன்பு அடித்துச் சொல்வார்கள். அந்த ஊசி அடிக்குளம்பையும் உள்மூட்டையும் கூட மரக்கவைக்கிறது என்று பின்னர் தெரிந்தது. மருந்து திசுவுக்குள் மேல்நோக்கிப் பரவும், எனவே அரைமணி நேரம் கழித்துக் கிடைக்கும் விடை பத்து நிமிடத்து விடை அல்ல. ஊசி போட்டது தெரிந்தால் மருத்துவர்கள் முன்னேற்றத்தைச் சற்று அதிகமாகவே காண்கிறார்கள் என்று 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. நல்ல டாக்டர் இதை அறிந்து, முன்னும் பின்னும் வீடியோ எடுத்து ஒப்பிடுவார். எலும்பில் விரிசல் என்று சந்தேகம் வந்தால் இந்த ஊசிப் பக்கமே போகக் கூடாது. வலி தெரியாத குதிரை முழுப் பாரத்தையும் அதில் இறக்கும், விரிசல் முறிவாகிவிடும்.

எக்ஸ்ரே இதற்கெல்லாம் பின்னால்தான். முதலிலேயே படம் எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் நிறைய. எந்த இடத்தைப் படம் எடுப்பது? எலும்பில் 30 முதல் 50 சதவீதம் தாது போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். தசைநாண் அதில் தெரியவே தெரியாது, அதற்கு அல்ட்ராசவுண்ட் வேண்டும். மறுபக்கம், ஒருநாளும் நொண்டாத குதிரையின் படத்திலும் மூட்டோரத்தில் சின்னச் சின்ன முட்கள் தெரியும். இடம் தெரியாமல் எடுத்த படத்தில் ஏதோ ஒன்று கிடைக்கும், அதற்கே வைத்தியம் நடக்கும், நொண்டல் அப்படியே இருக்கும்.

குதிரை மருத்துவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரம் தமிழ்நாட்டில்தான் சாட்சி வைத்திருக்கிறது. மாணிக்கவாசகர் அரிமர்த்தன பாண்டியனின் பொருளோடு குதிரை வாங்கப் போன கதை நமக்குப் பாடம். அந்த வாணிகத்தை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேரில் பார்த்து எழுதியவர் மார்க்கோ போலோ. பாண்டிய அரசர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை ஹொர்முஸ், ஏடன் முதலான துறைகளிலிருந்து வரவழைப்பார், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சாது என்கிறார் அவர். குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. விற்ற வணிகர்கள் தங்களோடு குதிரை வைத்தியரை அழைத்து வருவதில்லை, வேறு யாரும் வரவும் விடுவதில்லை. குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம். எண்ணிக்கையில் பயணியின் மிகை கலந்திருக்கலாம், ஆனால் வைத்தியரைத் தடுத்து நிறுத்திய அந்தத் தந்திரம் கற்பனையாகத் தோன்றவில்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த காயல் துறையில் அந்தக் குதிரைகள் இறங்கின. இன்று தாராவியில் வாழும் தமிழர்களில் ஏராளமானோரின் பூர்வீகம் அதே திருநெல்வேலிச் சீமைதான்.

மும்பைக்கு அந்தக் குறை இல்லை. பரேலில் பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி 1886இலேயே தொடங்கிவிட்டது. சென்னை வேப்பேரிக் கல்லூரி வந்தது 1903இல். அதே பரேலில் தின்ஷா பெட்டிட் குடும்பத்தின் கொடையில் எழுந்த பாய் சாகர்பாய் விலங்கு மருத்துவமனையும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுதான். அப்போது நகரமே குதிரையால் ஓடியது. 1874இல் தொடங்கிய கொலாபா பக்கத்து டிராம் வண்டிகளை இழுத்ததும் குதிரைகள்தான். 1883 முதல் மகாலட்சுமியில் ரேஸ்கோர்ஸ் இருக்கிறது. மாட்டுங்கா ரோட்டில் ரயில் ஏறினால் நான்காவது நிலையத்தில் இறங்கிவிடலாம். அங்கே ஓடும் குதிரைக்கு மருத்துவர், எக்ஸ்ரே, நாள்தோறும் காலைத் தடவிப் பார்க்கும் சைஸ் என்னும் குதிரைப் பராமரிப்பாளர், ஓட்டத்துக்குப் பின் மருந்து கலந்திருக்கிறதா என்ற சோதனை எல்லாம் உண்டு.

நகரத்தின் மற்றக் குதிரைகளின் கதை வேறு. மெரின் டிரைவிலும் கேட்வே பக்கமும் ஓடிய விக்டோரியா சவாரி வண்டிகள் சட்ட விரோதம் என்று 2015 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஓராண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. 2021இல் அதே உருவத்தில் பேட்டரி வண்டிகள் வந்தன. அந்தத் தீர்ப்பு சரியானதென்றே நினைக்கிறேன். கல்யாணக் குதிரைகள் மிஞ்சியிருக்கின்றன. நோயாலோ காயத்தாலோ வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலைக்கு வைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். ஆனால் ஊர்வல வேகத்தில் தெரியாத நொண்டலை எந்தக் காவலர் கண்டுபிடிப்பார்?

குதிரைக்காரரைக் கொடுமைக்காரர் என்று எழுதிவிடுவது எளிது. நான் அப்படி எழுத மாட்டேன். முகூர்த்தம் இருக்கும் சில மாதங்களில்தான் அவருக்கு வருமானம். லேசான நொண்டலுக்கு டாக்டர் சொல்லப்போகும் முதல் மருந்து ஓய்வு என்று அவருக்குத் தெரியும். அடிக்குளம்பு கன்றியிருந்தால் சில வாரங்கள், தசைநாண் கிழிந்திருந்தால் ஒன்பது மாதம், ஓராண்டு. அதுவரை தீனி யார் போடுவது? மெடிக்கல் கடையில் வாங்கிய வலி மருந்து அன்றைய மாலையை ஓட்டிவிடும். அந்த மருந்து நோயைத் தொடுவதில்லை. வலி சொல்லிக்கொண்டிருந்த எச்சரிக்கையை நிறுத்திவிடுகிறது, குதிரை கெட்டுப்போன திசுவின் மேலேயே முழுப் பாரத்தையும் வைத்து நடக்கிறது. லேசாக இருந்தபோது லாடத்தை மாற்றியே தீர்ந்திருக்கக் கூடிய கோளாறு, சீசன் முடிவில் படி 3, படி 4 ஆகியிருக்கும்.

கால்நடைகளுக்கு வலி எங்கே என்று கேட்காமல் வலியை மட்டும் அடக்கும் வழக்கத்துக்கு இந்தியா ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. மாடுகளுக்குக் கண்டபடி போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் உடலிலிருந்து பிணந்தின்னிக் கழுகுகளுக்குப் போய் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. ஒரு சில பத்தாண்டுகளில் கழுகினமே ஏறக்குறைய அழிந்தது. 2006இல்தான் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மகாலட்சுமியிலிருந்து அதிக தூரம் இல்லை, பார்சிகள் தங்கள் இறந்தோரைக் கழுகுகளுக்கு விட்டுவைக்கும் மலபார் ஹில் அமைதிக் கோபுரத்துக்கு அந்தக் கழுகுகள் இன்று வருவதில்லை.

காரணம் தெரிந்த பிறகு செய்வது பெரும்பாலும் எளிய காரியங்கள்தான். நீண்டுபோன குளம்பு நுனியைக் குறைத்து, குதிகாலுக்குத் தாங்கல் தரும் லாடம் கட்டுவது, கன்றிய இடத்துக்கு மேல் அழுத்தம் படாதபடி லாடத்தின் உட்பக்கத்தைச் செதுக்குவது, தரையை மாற்றுவது, நடையை மட்டும் நாளுக்கு நாள் கூட்டுவது. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றும்போது டாக்டரும் லாடம் கட்டுபவரும் ஒரே நேரத்தில் ஒரே காலைப் பார்த்துப் பேசினால் பாதி வேலை முடிந்தது. பிறகு ஒரு மாதம் கழித்து அதே தரையில் மறுபடி ஓட்டி, பழைய வீடியோவோடு ஒப்பிட வேண்டும். ‘இப்போ பரவாயில்லை’ என்ற நினைவை நம்ப முடியாது.

கல்யாணத்துக்குக் குதிரை புக் செய்யும் வீட்டாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்கப் போகிற அன்றே, காலை வெயில் ஏறும் முன், குதிரையைக் கயிறு தளர்த்தி 25, 30 மீட்டர் ட்ராட்டில் போகச் சொல்லி, திரும்பி வரச் சொல்லிப் பாருங்கள். தலை ஒரு பக்கத்து அடிக்கு மட்டும் தாழ்ந்து தாழ்ந்து வந்தால் வேறு குதிரை எடுங்கள், ஆனால் இந்தக் குதிரைக்காரருக்கும் அன்றைய மாலைக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். மண்டபத்துக்கும் பூ அலங்காரத்துக்கும் ஆகும் செலவில் அது தெரியவே தெரியாது. நொண்டலைச் சொன்னால் கூலி போகும் என்கிற வரைக்கும் அவர் அதைச் சொல்ல மாட்டார். கூலி கையில் இருந்தால், மறுநாள் காலையில் பரேலுக்குப் போன் செய்ய அவரால் முடியும்.